கணக்கில் வராத மறதி

ஆயா கடைசியாகத் தனியாக மலை சுற்றப் போனது 2003ஆம் வருடம் சித்ரா பௌர்ணமிக்கு. திருவண்ணாமலையில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பௌர்ணமி பெரிய விசேஷம் இல்லை, மாதாமாதம் வருகிற ஒரு வேலை. வெளியூர்க்காரர்கள் லட்சக்கணக்கில் வந்து இறங்குவார்கள். உள்ளூர்க்காரர்கள் கூட்டத்துக்கு முந்தியோ பிந்தியோ போய்விட்டு வருவோம். ஆயா சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிளம்பினால் பதினான்கு கிலோமீட்டரையும் நடந்து, எட்டு லிங்கத்திடமும் நின்று கும்பிட்டு, பதினொன்றுக்குள் வீடு வந்து சேர்ந்துவிடும்.

அன்றைக்கு விடியும்வரை வரவில்லை. அப்பாவும் சித்தப்பாவும் ஆளுக்கொரு பக்கமாகத் தேடிப் போயிருந்தார்கள். காலை எட்டு மணிக்கு ஆயா தானாகவே வாசலில் வந்து நின்றது. கால் இரண்டும் வீங்கியிருந்தன. "எங்க போயிட்ட?" என்று அம்மா கேட்டதற்கு, "மலை சுத்தத்தான்" என்றது, ஏதோ அநியாயமான கேள்வி கேட்டதுபோல. பிறகுதான் தெரிந்தது. அக்னி லிங்கத்துக்குப் பக்கத்தில் கற்பூரம் விற்கிற அக்கா, ஆயா இரண்டு முறை தன்னைக் கடந்து போனதைப் பார்த்திருக்கிறார். ஒரு சுற்று முடித்து ராஜகோபுரத்துக்கு வந்த ஆயாவுக்கு, முடித்தது நினைவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறது.

"கெழவி ரெண்டு சுத்து சுத்திட்டு வந்துருக்குது. இந்த மாசம் டபுள் புண்ணியம்" என்றார் சித்தப்பா. வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்போது எனக்குப் பதினான்கு வயது.

அதற்குப் பிறகு நான்கரை வருடம் ஆயா இருந்தது. குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டது. ரூபாய் நோட்டை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்துவிட்டு மருமகள்கள் திருடியதாக அழுதது. 1979இல் செத்துப்போன தாத்தா இன்னும் கடையிலிருந்து வரவில்லையே என்று திண்ணையில் உட்கார்ந்து காத்திருந்தது. கடைசி வருடம் அம்மாவை யாரோ வேலைக்கு வந்த பெண் என்று நினைத்து, வெற்றிலை வாங்கி வரச் சொல்லும். ஒருமுறை கணக்கெடுக்க வந்த சுகாதாரப் பணியாளர் "வீட்ல யாருக்காவது உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார். "எல்லாரும் நல்லாதான் இருக்கோம்" என்றோம். ஆயா திண்ணையில்தான் இருந்தது. "இவங்க?" என்றார் அவர். "அது வயசாயிடுச்சிம்மா. வயசாயிட்டா அப்படித்தான்."

2007 மார்கழியில் ஆயா போய்ச் சேர்ந்தது. இந்தக் கட்டுரை அந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றியது. வயசாயிட்டா அப்படித்தான். அதை நம் வீடுகள் மட்டும் சொல்லவில்லை. மருத்துவமும் வெகுகாலம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. மரபணு அறிவியலும், வேறொரு விஷயத்தில், கிட்டத்தட்ட இதையே சொன்னது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு.

*

அல்சைமர் என்பது ஒரு மருத்துவரின் பெயர். 1901 நவம்பரில் ஜெர்மனியின் ஃபிராங்பர்ட் மனநோய் விடுதிக்கு அவுகஸ்ட டேட்டர் என்ற பெண்ணைக் கணவர் கொண்டுவந்து சேர்க்கிறார். வயது 51. கணவர்மேல் காரணமில்லாத சந்தேகம், பொருட்களை ஒளித்துவைப்பது, சொந்தப் பெயரை எழுதி முடிக்க முடியாமல் பாதியில் நிறுத்துவது. அங்கிருந்த மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் அவரிடம் கேள்வி கேட்டு, பதில்களை அப்படியே குறித்துவைத்தார். 1906 ஏப்ரலில் அந்தப் பெண் இறந்ததும் மூளையை வாங்கி நுண்ணோக்கியில் பார்த்தார். நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுத்திட்டாகப் படிவுகள், உள்ளே முறுக்கிக்கொண்ட இழைகள். அதே ஆண்டு நவம்பரில் ட்யூபிங்கன் நகரத்தில் நடந்த மாநாட்டில் இதை எடுத்துரைத்தார். 1910இல் க்ரெப்பலின் தன் மனநோயியல் பாடநூலில் இந்த நோய்க்கு அல்சைமர் பெயரைச் சூட்டினார்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டேட்டருக்கு 51 வயது. அதனால்தான் அது நோய். அதே அறிகுறிகள் எழுபத்தைந்து வயதில் வந்திருந்தால் அது முதுமை. அறுபதாண்டுக்கும் மேலாக மருத்துவ உலகம் அப்படித்தான் கோடு போட்டு வைத்திருந்தது. அல்சைமர் என்பது நடுவயதினருக்கு வரும் அரிய நோய். வயதானவர்களுக்கு வருவது மூப்பின் தளர்ச்சி. 1960களில் இங்கிலாந்தில் பிளெஸ்ஸட், டாம்லின்சன், ராத் மூவரும் வயதானவர்களின் மூளைகளை வரிசையாக ஆராய்ந்து, அங்கேயும் அதே படிவுகள் இருப்பதைக் காட்டினார்கள். 1976இல் அமெரிக்க நரம்பியலாளர் ராபர்ட் காட்ஸ்மன் ஒரு சிறிய தலையங்கம் எழுதினார்: இரண்டும் ஒரே நோய்தான், வயதை வைத்துப் பிரிப்பதற்கு அடிப்படை இல்லை, அப்படிச் சேர்த்துக் கணக்கிட்டால் இது அமெரிக்காவில் அதிகம் பேரைக் கொல்லும் நோய்களில் ஒன்று.

ஒரு தலையங்கத்தால் புதிதாக யாருக்கும் நோய் வந்துவிடவில்லை. ஏற்கெனவே இருந்தவர்கள் எண்ணிக்கைக்குள் வந்தார்கள், அவ்வளவுதான். ஆக, "வயசாயிட்டா அப்படித்தான்" என்பது படிக்காத குடும்பங்களின் வாக்கியம் மட்டும் இல்லை. 1976 வரை அது பாடநூல் வாக்கியம்.

*

இந்தியாவில் எண்ண ஆரம்பித்தது 1990களில். சென்னைக்குத் தெற்கே திருப்போரூர் பகுதியில் ராஜ்குமார் குழுவினர் நடத்திய ஆய்வு, அறுபது தாண்டியவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு மறதிநோய் இருப்பதாகச் சொன்னது. வடக்கே ஹரியானாவின் பல்லப்கரில் இந்திய அமெரிக்கக் கூட்டு ஆய்வு ஒன்று நடந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களிடம் "இன்று என்ன தேதி", "நூறிலிருந்து ஏழேழாகக் கழியுங்கள்" என்றெல்லாம் கேட்பதில் அர்த்தமில்லை என்று உணர்ந்து, அவர்களுக்காகவே ஒரு இந்தி வினாப்பட்டியலைத் தயாரித்தார்கள். நல்ல காரியம். 2001இல் வந்த முடிவு உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. 65 வயது தாண்டிய ஆயிரம் பேரில் ஆண்டுக்குப் புதிதாக அல்சைமர் வருபவர்கள் பல்லப்கரில் 4.7 பேர். பென்சில்வேனியாவில் ஒப்பீட்டுக்கு எடுத்த பகுதியில் 17.5 பேர்.

இந்த எண்ணிலிருந்துதான் மஞ்சள் கதை பெரிதாகக் கிளம்பியது. இந்தியர்களுக்கு அல்சைமர் குறைவு, காரணம் நம் குழம்பில் இருக்கும் மஞ்சள் என்று இன்றைக்கும் வாட்ஸப்பில் வரும். மஞ்சளில் உள்ள குர்குமினை அல்சைமர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த சிறிய சோதனைகளில் பலன் எதுவும் தெரியவில்லை. எங்கள் ஆயா வாழ்நாள் முழுக்க மஞ்சள் அரைத்த கை.

பல்லப்கர் ஆய்வு தப்பு என்று சொல்ல வரவில்லை. அல்சைமர் அபாயத்தைக் கூட்டும் ஏபிஓஇ-4 என்ற மரபணு வடிவம் அந்த மக்களிடம் குறைவாக இருந்தது உண்மை. பின்தொடர்ந்த காலமும் குறுகியது. ஆனால் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இருந்தது: நோய் குறைவா, நோய் என்று சொல்பவர்கள் குறைவா?

அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் 1998இல் கொச்சியில் ஒன்றுகூடினார்கள். அவர்கள் தங்கள் குழுவுக்கு வைத்துக்கொண்ட பெயர் 10/66. மறதிநோய் உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் ஏழை, நடுத்தர நாடுகளில் வாழ்கிறார்கள். ஆனால் ஆய்வில் பத்து சதவீதம்கூட அவர்களைப் பற்றியது இல்லை. பெயரிலேயே புகார் மனு. இந்தியாவில் அவர்கள் எடுத்துக்கொண்ட நகரம் சென்னை. கிராமப்புறம் வேலூர். திருவண்ணாமலையிலிருந்து சுமார் எண்பது கிலோமீட்டர். 1989இல் பிரிக்கப்படும்வரை திருவண்ணாமலையும் வேலூரும் ஒரே வட ஆற்காடு மாவட்டம். அதே வெயில், அதே கேழ்வரகுக் களி, அதே "இன்னாமே".

2008இல் அவர்களுடைய முடிவுகள் லான்செட் இதழில் வந்தன. ஒரே மக்களை இரண்டு அளவுகோல்களால் அளந்திருந்தார்கள். ஒன்று, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம்-4 வரையறை. இன்னொன்று, படிப்பறிவு குறைந்தவர்களையும் மனதில் வைத்து அவர்களே உருவாக்கியது. டிஎஸ்எம்-4 படி கணக்கிட்டால், ஆய்வு நடந்த இடங்களிலேயே மிகக் குறைவாக மறதிநோய் இருந்தது இந்தியக் கிராமத்தில்தான்: 0.3 சதவீதம். கியூபாவில் 6.3. பத்து/அறுபத்தாறு அளவுகோலில் இந்தப் பெரிய பள்ளம் காணாமல் போனது. எல்லா இடங்களிலும் ஐந்தரைக்கும் பன்னிரண்டு சதவீதத்துக்கும் இடையில் எண்கள் நெருங்கி வந்தன. அவர்கள் கண்டறிந்த 1345 பேரில் 847 பேரை டிஎஸ்எம்-4 தவறவிட்டிருந்தது. அந்த 847 பேரும் சும்மா கணக்குக்குச் சேர்க்கப்பட்டவர்கள் இல்லை. அன்றாட வாழ்க்கையில் அவர்கள் பட்ட சிரமம் அளக்கும் அளவுக்கு இருந்தது.

எப்படித் தவறியது? டிஎஸ்எம்-4 ஒரு நிபந்தனை வைத்திருந்தது. நினைவு குறைந்தால் மட்டும் போதாது. அதனால் வேலையோ சமூக வாழ்க்கையோ கெட்டிருக்க வேண்டும், முன்பிருந்ததைவிட இறங்கியிருக்க வேண்டும். அதை யார் சொல்வது? வீட்டார்தான். நம் வீட்டில் எழுபது வயதுக் கிழவியிடம் யாரும் வங்கிக் கணக்கை ஒப்படைப்பதில்லை. ஊசியில் நூல் கோக்கச் சொல்வதில்லை. சோறு தட்டில் வந்துவிடும், துணியை மருமகள் துவைத்துவிடுவாள். எதையும் செய்ய வேண்டியிராத ஒருவரால் எதுவும் முடியாமல் போனது எப்படி வெளியே தெரியும்? "நல்லாதான் இருக்குது" என்று மகன் சொல்வான். அது பொய் இல்லை. அன்போடு சொன்ன, தவறான தகவல்.

இன்னொன்றையும் அந்தக் குழு பதிவு செய்தது. நம் ஊர்களில் இந்த நிலைக்குப் பெயர் இல்லாமல் இல்லை. கேரளத்தில் 'சின்னன்' என்கிறார்கள், குழந்தைத்தனம் என்ற பொருளில். கோவாவிலும் காசியிலும் மூளை களைத்துவிட்டது, பலவீனமாகிவிட்டது என்ற பொருளில் சொற்கள் உண்டு. ஈழத்தில் 'அறளை பெயர்ந்தது' என்பார்கள். சொல் இருந்தது. அது நோய் என்ற எண்ணம்தான் இல்லை. குழந்தையானதற்கு யாராவது வைத்தியம் பார்ப்பார்களா?

2023இல் நாடு தழுவிய ஆய்வொன்று, அறுபது வயது தாண்டிய இந்தியர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேர் மறதிநோயோடு வாழ்வதாக மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். நகரத்தில் 5.3, கிராமத்தில் 8.4. பதினைந்தே வருடத்தில் கிராமத்துப் படம் தலைகீழாகிவிட்டது. கிராமம் அதே கிராமம்தான்.

*

இனி மரபணுப் பக்கம் வருவோம். அதற்குள் நுழைய எனக்குக் கோயில் சுவர்தான் வசதி.

சோழர் காலக் கல்வெட்டுகளில் அடிக்கடி வருவது விளக்குத் தானம். ஒருவர் கோயிலில் ஒரு நுந்தா விளக்கு, அதாவது அணையாத விளக்கு, எரிப்பதற்காகத் தொண்ணூறோ தொண்ணூற்றாறோ ஆடு கொடுப்பார். அந்த ஆடுகளுக்குப் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. சாகாத, கிழடாகாத ஆடுகள். மாயமில்லை. செத்தாலும் மூத்தாலும் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையைச் சரிக்கட்ட வேண்டும் என்ற ஏற்பாடு. இப்போது அந்தக் கல்வெட்டில் 'பொருள்' என்று எதைச் சொல்வீர்கள்? இத்தனை ஆடு, இத்தனை நெய். அதுதான் தானம். ஆனால் மீதி வரிகளும் இருக்கின்றன. யார் பொறுப்பு, எந்த அளவையால் நெய் அளக்க வேண்டும், எவ்வளவு காலம், யார் காவல், தவறினால் என்ன பாவம். அந்த வரிகளிலிருந்து ஒரு சொட்டு நெய்கூட வராது. ஆனால் அவை இல்லாவிட்டால் விளக்கு ஒரு தலைமுறை தாண்டாது.

நம் டிஎன்ஏ சுமார் 300 கோடி எழுத்துகள் கொண்ட கல்வெட்டு. அதிலிருந்து வேண்டிய பகுதியைப் படி எடுப்பது ஆர்என்ஏ. அந்தப் படியைப் பார்த்துச் செல் புரதத்தைச் செய்கிறது. டிஎன்ஏ, ஆர்என்ஏ, புரதம் என்ற இந்த வரிசையை 1950களின் இறுதியில் பிரான்சிஸ் கிரிக் வகுத்தார். புரதம்தான் சரக்கு என்பதால், புரதத்துக்குக் குறிப்பு வைத்திருக்கும் பகுதிதான் மரபணு என்று ஆனது. ஆனால் அப்படிப்பட்ட பகுதி மனித டிஎன்ஏவில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. மீதிக்கு 1972இல் சுசுமு ஓனோ ஒரு பெயரைப் பரவலாக்கினார்: ஜங்க். அவர் சோம்பேறித்தனமாகச் சொல்லவில்லை. இவ்வளவு எழுத்தும் வேலை செய்வதாக இருந்தால், தலைமுறைக்குத் தலைமுறை நேரும் பிழைகளைத் தாங்கி நாம் பிழைத்திருக்கவே முடியாது என்பது அவர் வாதம். அது இன்றைக்கும் வலுவான வாதம்தான். சிட்னி பிரென்னர் ஒரு விளக்கம் சொல்வார்: குப்பை என்றால் தூக்கி எறிவோம், ஜங்க் என்றால் எடுத்து வைத்திருப்போம். நம் பாஷையில் சொன்னால், குப்பைத்தொட்டி வேறு, பரண் வேறு. பரண்மேல் எதெது கிடக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

பரணில் முதலில் கைபட்டது ஒரு புழுவின் வழியாக. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள, ஆய்வகத்துக்குப் பிரென்னர் கொண்டுவந்த அதே மண்புழுச் சாதிச் சிறு உயிர் என்று தோன்றும். உண்மையில் அது உருளைப்புழு. அதில் லின்-4 என்ற மரபணுவைத் தேடிய விக்டர் ஆம்ப்ரோஸ் குழுவினர், அது புரதமே செய்யவில்லை என்று கண்டார்கள். அது செய்தது வெறும் 22 எழுத்து நீளமுள்ள ஆர்என்ஏ துண்டு. கேரி ரவ்கன் குழுவினர் அந்தத் துண்டு இன்னொரு ஆர்என்ஏவின் மேல் ஒட்டிக்கொண்டு, புரதம் செய்யவிடாமல் தடுப்பதைக் காட்டினார்கள். ஆண்டு 1993. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, புழுவின் விசித்திரம் என்று விட்டுவிட்டார்கள். 2000இல் ரவ்கன் கண்டுபிடித்த இரண்டாவது துண்டு, லெட்-7, மனிதர் உட்படப் பல உயிர்களில் இருந்தது. இன்று இவற்றுக்கு மைக்ரோ ஆர்என்ஏ என்று பெயர், மனிதரில் ஆயிரத்துக்கும் மேல். இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது 2024இல்.

இடையில் 2001இல் மனித மரபணுத் தொகுதியின் வரைவு வந்தது. ஒரு லட்சம் மரபணுக்கள் இருக்கலாம் என்று பலர் கணித்திருந்தார்கள். எண்ணி முடித்தபோது புரதம் செய்யும் மரபணுக்கள் சுமார் இருபதாயிரம். அந்தப் புழுவிடமும் கிட்டத்தட்ட அதே அளவு. புழுவுக்கும் ஆயாவுக்கும் சரக்கில் வித்தியாசம் இல்லையென்றால், வித்தியாசம் ஏற்பாட்டு வரிகளில்தான் இருக்க வேண்டும்.

*

இப்போது இரண்டு கதைகளும் சந்திக்கும் இடம். 10/66 முடிவு வந்த அதே 2008.

டேட்டரின் மூளையில் அல்சைமர் பார்த்த படிவுகள் அமிலாய்டு என்ற துணுக்கால் ஆனவை. நரம்பணுவின் உறையில் இருக்கும் ஒரு பெரிய புரதத்தை இரண்டு கத்தரிகள் வெட்டும்போது அது உண்டாகிறது. முதல் கத்தரியின் பெயர் பேஸ்-1. அமெரிக்காவில் ஃபாகிஹி, வாலெஸ்டெட் குழுவினர், இந்தக் கத்தரிக்கான மரபணு இருக்கும் அதே இடத்தில், எதிர்த் திசையில் இன்னொரு ஆர்என்ஏ படி எடுக்கப்படுவதைக் கண்டார்கள். அது எந்தப் புரதத்தையும் செய்வதில்லை. ஆனால் கத்தரிக்கான ஆர்என்ஏவோடு ஒட்டிக்கொண்டு, அது சீக்கிரம் சிதைந்துவிடாமல் காக்கிறது. காவல் கூடினால் கத்தரி கூடும், கத்தரி கூடினால் படிவு கூடும். அல்சைமரில் இறந்தவர்களின் மூளையில் இந்தக் காவல் ஆர்என்ஏ அதிகமாக இருந்தது.

அதே ஆண்டு பெல்ஜியத்தின் லூவன் நகரத்தில் எபேர், டி ஸ்ட்ரூப்பர் குழுவினர் மறுபக்கத்தைக் காட்டினார்கள். கத்தரியின் ஆர்என்ஏவை அடக்கிவைக்கும் மைக்ரோ ஆர்என்ஏக்களும் உண்டு. மிர்-29 என்ற குடும்பத்தைச் சேர்ந்த சில துண்டுகள், கத்தரி மிகுந்திருந்த சில நோயாளிகளின் மூளையில் குறைந்திருந்தன. காப்பவன் கூடிவிட்டான், தடுப்பவன் குறைந்துவிட்டான். கத்தரி என்னவோ அதே கத்தரி. மரபணுவில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல் வயதான காலத்தில் ஒருவருக்கு நோய் வருவது எப்படி என்பதற்கு இது ஒரு பதிலின் தொடக்கம். அல்சைமர் வருபவர்களில் மிகப் பெரும்பாலோர் அப்படிப்பட்டவர்கள்தான்.

2023இல் லூவனிலிருந்தே இன்னொன்று வந்தது. படிவு இருக்கிறது சரி, நரம்பணு ஏன் சாகிறது? இந்தக் கேள்விக்கு எலியிடம் பதில் இல்லை. எலியின் மூளையில் படிவை உண்டாக்கினாலும் அதன் நரம்பணுக்கள் அப்படிக் கூட்டமாகச் சாவதில்லை. ஸ்ரீராம் பலுசுவும் சகாக்களும் மனித நரம்பணுக்களை எலி மூளைக்குள் பதியம் போட்டார்கள். படிவு சேர்ந்ததும் மனித அணுக்கள் செத்தன, பக்கத்திலிருந்த எலி அணுக்கள் பிழைத்தன. செத்துக்கொண்டிருந்த மனித அணுக்களில் மெக்-3 என்ற ஒரு ஆர்என்ஏ வெகுவாக உயர்ந்திருந்தது. அதுவும் புரதம் செய்யாத வகைதான். அதைக் குறைத்தபோது அணுக்கள் தப்பின.

இதைப் படித்தபோது எனக்கு டிஎஸ்எம்-4தான் நினைவுக்கு வந்தது. பல பத்தாண்டுகளாக எலியை வைத்து மனித மறதியை அளந்துகொண்டிருந்தோம். கியூபாவுக்குப் பொருந்துகிற கேள்வியை வேலூர்த் திண்ணையில் கேட்டதுபோல.

ஆனால் இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். பரணில் இருப்பதெல்லாம் பொக்கிஷம் என்று கிளம்பிவிடக் கூடாது. 2012இல் ஒரு பெரிய சர்வதேசத் திட்டம் டிஎன்ஏவில் 80 சதவீதம் ஏதோ ஒரு வேலை செய்வதாக அறிவித்தபோது கடும் எதிர்ப்பு வந்தது. படி எடுக்கப்படுகிறது என்பதாலேயே அது வேலை செய்கிறது என்று ஆகிவிடாது. கிறுக்கலும் எழுத்து மாதிரி இருக்கும். அல்சைமரிலும் அப்படித்தான். பிசி-200 என்ற மூளை ஆர்என்ஏ நோயாளிகளிடம் குறைந்திருப்பதாக 1992இல் ஒரு ஆய்வு சொன்னது. 2007இல் இன்னொரு ஆய்வு, நோய் தாக்கும் பகுதிகளில் கூடியிருப்பதாகச் சொன்னது. பேஸ்-1 கத்தரியை நேரடியாக முடக்கும் மருந்துகள் பெரிய சோதனைகளில் தோற்றன. சிலவற்றில் நோயாளிகளின் நினைவு மேலும் மோசமானது. ஆர்என்ஏவைக் குறிவைக்கும் வைத்தியமோ, ரத்தத்தில் மைக்ரோ ஆர்என்ஏவைப் பார்த்து முன்கூட்டியே நோயைச் சொல்லும் பரிசோதனையோ இன்னும் ஆய்வு நிலையில் இருக்கும் விஷயம்தான். யாராவது பணம் வாங்கிக்கொண்டு இப்போதே செய்து தருகிறேன் என்றால் நம்ப வேண்டாம்.

*

மரபணு ஆய்வுகளில் இதுவரை சேர்ந்திருக்கும் தகவலில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. இப்போது நம் பக்கம் எண்ண ஆரம்பித்திருக்கிறார்கள். கர்நாடகத்தின் கோலார் மாவட்டம் ஸ்ரீனிவாசபுரத்தில், 45 வயது தாண்டிய பத்தாயிரம் கிராமத்தவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடரும் ஆய்வொன்றைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆய்வு மையம் நடத்துகிறது. நினைவுத் தேர்வு, ரத்தம், மூளைப் படம், மரபணு எல்லாம் சேர்த்து. ஆந்திர, தமிழக எல்லைகளை ஒட்டிய மாவட்டம் அது. அங்கிருக்கும் கிழவிகள் எங்கள் ஆயாவுக்குத் தூரத்து உறவாகவே இருக்கக்கூடும். அவர்கள் "நல்லாதான் இருக்காங்க" என்ற பதிலோடு முடிந்துபோகாமல் எழுதப்படுகிறார்கள் என்பதில் எனக்கு ஒரு ஆறுதல் உண்டு.

ஆயாவுக்கு வந்தது அல்சைமர்தானா என்று என்னால் சொல்ல முடியாது. ரத்தக்குழாய் அடைப்பாலும் மறதி வரும், தைராய்டு குறைவாலும், பி-12 பற்றாக்குறையாலும் வரும். கடைசி இரண்டும் மாத்திரையில் சரிப்படுத்தக்கூடியவை. அதுதான் என்னை உறுத்துகிறது. நாங்கள் ஒரு நோயைக் கண்டுபிடிக்கத் தவறினோம் என்பதுகூட இல்லை. பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது என்றே நினைக்கவில்லை. பெயர் தெரிந்திருந்தால், மருமகள்கள் திருடியதாக ஆயா அழுதபோது அம்மா பதிலுக்குச் சண்டை போட்டிருக்க மாட்டாள். இரண்டு வருடம் அந்த இருவரும் பேசிக்கொள்ளாமல் இருந்தார்கள். அம்மா அதை இன்னும் சொல்லிச் சொல்லி அழுகிறாள்.

அம்மாவுக்கு இப்போது அறுபத்தெட்டு. போன ஐப்பசியில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். பாத்திரம் கருகிய வாசனை தெருவுக்கே வந்தது. அதற்கடுத்த வாரம் ஒரே மளிகைச் சாமான் சீட்டை இரண்டு முறை எழுதிக் கொடுத்தாள். தம்பி சிரித்துக்கொண்டே, "வயசாயிடுச்சி இல்ல" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பயமாகத்தான் இருந்தது. ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம், பால் பொங்கவிடாத வீடு எது? ஆனாலும் அழைத்துக்கொண்டு போனேன். மருத்துவர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். பிறகு நிதானமாகச் சில கேள்விகள் கேட்டார். ஒரு சின்னக் கதை சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னார். முதலில் ஜன்னலையும் பிறகு கதவையும் காட்டச் சொன்னார். அம்மா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து பதில் சொன்னாள். அதற்குப் பிறகு அவர் என் பக்கம் திரும்பி, "வீட்ல எப்படி இருக்காங்க?" என்று கேட்டார்.

"நல்லாதான் இருக்காங்க" என்று வாய்வரை வந்துவிட்டது. பக்கத்தில் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாலிலிருந்து ஆரம்பித்து, எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.